பெட்டி பழசு, பளபளப்பு புதுசு: ரயில் பெட்டிகள் ஓய்வுபெறும்போது எதைக் காப்பாற்றுகிறோம்?

"நாம் பழமையைப் பாதுகாக்கிறோமா?" என்பதுதான் தொலைக்காட்சி அரங்கில் எங்களுக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. உடன் பேசியவர்கள் கோயில்களைப் பற்றியும் பழைய கடைவீதிகளைப் பற்றியும் தமிழ்ப்பள்ளிகளைப் பற்றியும் பேசினார்கள். நான் ரயில் பெட்டிகளைப் பற்றிப் பேசினேன். அந்த உரையைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதியிருக்கிறேன்.

"ரயில் என்றால் எஞ்சினைப் பற்றிப் பேசலாமே, பெட்டியில் என்ன இருக்கிறது?" என்று அரங்கு தொடங்கும் முன் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். எந்த நாட்டு அருங்காட்சியகத்திற்குப் போனாலும் வாசலில் நிற்பது நீராவி எஞ்சின்தான். பிள்ளைகளை அதன் முன் நிறுத்திப் படம் எடுக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். எஞ்சினில் இருந்தவர்கள் இரண்டு மூன்று பேர். நம் தாத்தாவும் பாட்டியும் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்து வந்தது பெட்டியில். கட்டுச்சோறு பிரித்துச் சாப்பிட்டது பெட்டியில். பிள்ளையை மடியில் போட்டுத் தூங்க வைத்ததும் பெட்டியில்தான். மனிதர்களின் கதை வேண்டுமென்றால் பெட்டியைத்தான் கேட்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஒரு ரயிலின் கதையை முதலில் சொல்கிறேன். நம் ஊர்த் தண்டவாளத்தில் ஓடும் ரயில்தான். பச்சையும் இளமஞ்சளுமாக, பித்தளை எழுத்து மின்ன, வூட்லண்ட்ஸிலிருந்து ஜொகூர் பாலத்தைக் கடந்து வருகிறதே, அந்த ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் எக்ஸ்பிரஸ். பார்த்தவுடன் "ஆகா, வெள்ளைக்காரன் காலத்து ரயில்" என்று பலரும் சொல்வார்கள். 1920, 1930-களில் மலாயாவில் ஓடிய வண்டியை அப்படியே துடைத்து மெருகேற்றி ஓட்டுகிறார்கள் என்று நினைப்பவர்கள் நிறைய பேர்.

உண்மை அதுவல்ல. அந்தப் பெட்டிகள் மலாயாவில் பிறக்கவும் இல்லை, வெள்ளைக்காரன் காலத்தில் பிறக்கவும் இல்லை.

நியூசிலாந்தின் வெள்ளி நட்சத்திரம்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ஆக்லாந்துக்கும் வெல்லிங்டனுக்கும் இடையே ஏறக்குறைய 680 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு முக்கிய ரயில் பாதை இருக்கிறது. 1908-இல் முழுமை பெற்ற பாதை அது. மலையேறி, பள்ளத்தாக்குகளைக் கடந்து, வளைந்து வளைந்து போகும். அந்தப் பாதையில் இரவுப் பயணத்திற்கென்று ஓர் உயர்தர ரயிலை விட நியூசிலாந்து ரயில்வே முடிவெடுத்தது. பெட்டிகளைக் கட்டும் வேலை ஜப்பானின் நிப்பான் ஷாரியோ நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மொத்தம் 31 பெட்டிகள்.

1971 செப்டம்பரில் ஓடத் தொடங்கிய அந்த ரயிலுக்கு "சில்வர் ஸ்டார்" என்று பெயர் வைத்தார்கள். முழுக்க முழுக்கப் படுக்கை வசதி, குளிர்சாதனம், உணவுப் பெட்டி என்று எல்லாமே அதில் உண்டு. இரவு ஏறிப் படுத்தால் காலையில் அடுத்த நகரத்தில் இறங்கலாம். ஓடும் ஹோட்டல் என்றே சொல்லலாம்.

ஆனால் கணக்கு வேறு மாதிரி இருந்தது. படுக்கை ரயில் என்றால் ஒரு பெட்டியில் உட்கார வேண்டிய ஆட்களில் சில பேர்தான் படுக்க முடியும். சமையல்காரர், பரிமாறுபவர், படுக்கை விரிப்பவர் என்று சம்பளம் வாங்குபவர் அதிகம். கட்டணத்தை ஏற்றினால் பயணிகள் விமானத்திற்குப் போய்விடுவார்கள், ஏற்றாவிட்டால் நட்டம். இப்படித் தவித்த ரயிலை 1979 ஜூன் மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். எட்டு ஆண்டுகூட நிறையவில்லை. ரயில் பெட்டியின் ஆயுள் சாதாரணமாக முப்பது நாற்பது ஆண்டு. அந்தக் கணக்கில் சில்வர் ஸ்டார் ஓய்வுபெற்றது இளம் வயதில்.

பெட்டிகளை மாற்றியமைத்து வேறு விதமாக ஓட்டலாம் என்று திட்டம் போட்டார்கள். அப்போதுதான் இன்னொரு சிக்கல் வந்தது. பெட்டிச் சுவருக்குள் வெப்பம் தாங்குவதற்காக ஆஸ்பெஸ்டாஸ் வைத்து அடைத்திருந்தார்கள். கட்டிய காலத்தில் அது வழக்கம்தான். ஆனால் அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பது உலகம் முழுக்கத் தெரிய வந்துவிட்டது. பழைய வண்டியைப் புதுப்பிக்க நினைக்கும் எல்லாருக்கும் இது ஒரு பாடம். வெளியே துருவைப் பார்க்கிறோம், உள்ளே என்ன மறைந்திருக்கிறது என்பது பிரித்தால்தான் தெரியும். அதைச் சுத்தம் செய்யும் செலவு சில சமயம் புதுப் பெட்டி வாங்கும் செலவை நெருங்கிவிடும். ஆண்டுகள் ஓடின. பெட்டிகள் சும்மாவே கிடந்தன.

ஏலத்தில் கை தூக்கியவர்

இங்கே கதைக்குள் இன்னொரு மனிதர் வருகிறார். ஜேம்ஸ் ஷெர்வுட் என்ற அமெரிக்கத் தொழிலதிபர். கப்பல் கொள்கலன்களை வாடகைக்கு விட்டுப் பெரும் பொருள் சேர்த்தவர். 1977 மே மாதத்தில் பாரீஸிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நேராக ஓடிக்கொண்டிருந்த புகழ்பெற்ற ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் சேவை நின்றுபோனது. அதே ஆண்டு அக்டோபரில் அதன் பழைய பெட்டிகள் சில மாண்டிகார்லோவில் ஏலத்திற்கு வந்தன. ஷெர்வுட் இரண்டு பெட்டிகளை வாங்கினார். பிறகு ஐரோப்பா முழுக்கத் தேடி, எங்கெங்கோ ஒதுங்கிக் கிடந்த பழைய பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார். அவற்றில் பல 1920-களில் கட்டப்பட்டவை. பிரித்துப் பூட்டி, மரவேலை, கண்ணாடி வேலை எல்லாவற்றையும் மீட்டெடுத்து, 1982 மே 25-ஆம் தேதி லண்டனிலிருந்து வெனிஸுக்குப் புதிய ஓரியண்ட் எக்ஸ்பிரஸை ஓட விட்டார்.

பணக்காரரின் பொழுதுபோக்கு என்று சிரித்தவர்களும் உண்டு. ஆனால் அது ஒரு தொழிலாகவே நின்றுவிட்டது. விமானம் வந்த பிறகு ரயிலில் சொகுசுக்கு இடமில்லை என்று எல்லாரும் நினைத்த காலத்தில், மெதுவாகப் போவதற்காகவே மக்கள் பணம் கொடுப்பார்கள் என்பதை அவர் காட்டினார்.

அடுத்து அவருடைய நிறுவனத்தின் பார்வை நம் பக்கம் திரும்பியது. சிங்கப்பூரிலிருந்து மலேசியா வழியாக பாங்காக் வரை அதே மாதிரி ஒரு ரயில் ஓட்ட வேண்டும். சரி, ஐரோப்பாவில் வாங்கிய பெட்டிகளையே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்துவிடலாமே? முடியாது. காரணம், தண்டவாளத்தின் அகலம்.

67 மில்லிமீட்டர் கதை

ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள தூரம் 1,435 மில்லிமீட்டர். மலேசியாவிலும் தாய்லாந்திலும் அது சரியாக ஒரு மீட்டர், அதாவது 1,000 மில்லிமீட்டர். ஐரோப்பியப் பெட்டி நம் பாதைக்கு அகலமாக இருக்கும், உயரமாக இருக்கும், பல இடங்களில் சுரங்கத்திலும் நிலைய மேடையிலும் இடிக்கும். அதை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றுவதைவிடப் புதிதாகக் கட்டுவது சுலபம்.

நியூசிலாந்தில் தண்டவாள இடைவெளி 1,067 மில்லிமீட்டர். நம்முடையதைவிட 67 மில்லிமீட்டர்தான் அதிகம். ஒரு கை விரல்கள் நான்கையும் சேர்த்து வைத்தால் வரும் அகலத்தைவிடச் சற்றுக் குறைவு. பக்கத்துக்கு முப்பத்து மூன்றரை மில்லிமீட்டர் சக்கரத்தை உள்ளே தள்ளினால் போதும். பெட்டியின் உடல் அளவோ நம் பாதைக்கு ஏறக்குறையப் பொருந்தி வரும். குளிர்சாதனம் உண்டு, படுக்கை அறைகள் உண்டு, எல்லாப் பெட்டிகளும் ஒரே வகை, அதுவும் அதிகம் ஓடித் தேயாதவை. இப்படி ஒரு பொருள் மொத்தமாகக் கிடைப்பது அபூர்வம். சும்மா கிடந்த சில்வர் ஸ்டார் பெட்டிகள் 1990-இல் கைமாறியதற்குக் காரணம் இதுதான்.

தாய்லாந்தும் ஜப்பானின் பழைய பெட்டிகளைத்தான் தேடிப்போகிறது. ஜப்பானின் பழைய பாதைகளும் இதே 1,067 மில்லிமீட்டர் அளவு. பாங்காக் செய்தது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சக்கரத்தை மாற்றுவது எளிய பகுதி. உள்ளே இருந்ததையெல்லாம் பிய்த்தெறிந்து, வெறும் கூடாக்கி, மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. புதிய மின்கம்பிகள், புதிய குளிர்சாதனம், தண்ணீர்க் குழாய்கள், அறைக்கு அறை குளியல் வசதி. அதற்கு மேல் அலங்காரம். சுவருக்கு மரப் பலகை, பலகையில் நிறம் நிறமான மரத்துண்டுகளைப் பதித்துச் செய்யும் சித்திர வேலை, பித்தளை விளக்கு, பட்டுத் திரை, பியானோ வைத்த மதுக்கூடப் பெட்டி, கடைசியில் காற்று வாங்கிக்கொண்டே நிற்கத் திறந்தவெளிப் பெட்டி. 1993 செப்டம்பரில் ரயில் புறப்பட்டது.

1970-க்குப் போட்ட 1930 வேடம்

இங்கேதான் நான் அரங்கில் கொஞ்சம் நிறுத்திப் பேசினேன். அந்தப் பெட்டிகளின் உண்மையான பழமை எது? 1970-களின் ஜப்பானிய உருக்கு வேலை. நியூசிலாந்து மக்கள் தூங்கிக்கொண்டு போன அறைகள். அந்தக் காலத்தின் பிளாஸ்டிக், அந்தக் காலத்தின் நிறங்கள். அது எதுவும் இப்போது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு மேலே 1930-களின் தோற்றத்தைப் புதிதாகச் செய்து போர்த்தியிருக்கிறார்கள். ஆக, அதில் பழையது எல்லாம் புதைந்து கிடக்கிறது, பழையதாகத் தெரிவதெல்லாம் புதியது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்படிச் செய்திருக்காவிட்டால் அந்த 31 பெட்டிகளும் எப்போதோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும். சில்வர் ஸ்டாராக ஓடியது எட்டு ஆண்டுக்கும் குறைவு. இந்த வேடத்தில் 1993-லிருந்து 2020 வரை இருபத்தாறு ஆண்டுக்கும் மேல் ஓடியது. கோவிட் காலத்தில் நின்று, 2024 பிப்ரவரியில் மீண்டும் புறப்பட்டிருக்கிறது. இப்போது பாங்காக் போவதில்லை. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு மலேசியாவுக்குள்ளேயே சுற்றி வருகிறது. பிறந்து ஐம்பது ஆண்டு தாண்டிய பெட்டி இன்னும் உழைக்கிறது என்றால் அது புதுப்பித்தவர்களின் திறமை.

இந்தியாவிலும் இதே கதைக்கு இன்னொரு வடிவம் உண்டு. 1982 ஜனவரி 26 அன்று ராஜஸ்தானில் "பேலஸ் ஆன் வீல்ஸ்" ரயில் தொடங்கியபோது, மகாராஜாக்களும் வைஸ்ராய்களும் பயணம் செய்த அசல் பெட்டிகளையே கோத்து ஓட்டினார்கள். அசல் பழமை. ஆனால் பழைய மரமும் பழைய இரும்பும் அன்றாட ஓட்டத்தைத் தாங்கவில்லை. பயணிகள் குளிர்சாதனம் கேட்டார்கள். 1991-இல் அசல் பெட்டிகளுக்கு ஓய்வு கொடுத்து, அவற்றைப் போலவே தோற்றமளிக்கும் புதிய பெட்டிகளைக் கட்டினார்கள். அசலை ஓட்டினால் அது தேய்ந்து போகும், ஓட்டாமல் வைத்தால் அதற்குப் பணம் கொடுக்க ஆள் இருக்காது. பழைய ரயில் பெட்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்தச் சங்கடம் உண்டு.

என் கேள்வி வேறு. ஒரு பெட்டியைக் காப்பாற்றும்போது அதோடு யாருடைய நினைவைக் காப்பாற்றுகிறோம்? 2024-இல் இந்த ரயில் மறுபடி தொடங்கியபோது மூன்று இரவுப் பயணத்திற்கு ஒருவருக்கு 3,000 அமெரிக்க டாலருக்கும் மேல் கட்டணம். அந்தப் பணத்தைக் கொடுக்கக்கூடியவர் பார்க்க விரும்பும் பழமைதான் அதில் இருக்கும். வெள்ளை உடை அணிந்த துரையின் பழமை. மூன்றாம் வகுப்பில் வந்த தொழிலாளியின் பழமையை யாரும் காசு கொடுத்துக் கேட்கப் போவதில்லை.

குவாய் ஆற்றின் மேல்

இதை நான் சும்மா சொல்லவில்லை. பாங்காக் வரை ஓடிய காலத்தில் அந்த ரயில் வழியில் காஞ்சனபுரிக்குத் திரும்பி குவாய் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும். பயணிகள் இறங்கிப் பாலத்தைப் பார்ப்பார்கள், போர்க் கல்லறைகளைப் பார்ப்பார்கள்.

அந்தப் பாதை என்ன பாதை என்பது மலேசியத் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சயாம் மரண ரயில். 1942-இலும் 1943-இலும் ஜப்பானிய ராணுவம் போட்ட சுமார் 415 கிலோமீட்டர் பாதை. நேச நாட்டுக் கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் அங்கே இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகை. அவர்கள் சயாமுக்குப் போனதும் ரயிலில்தான். சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகளில் அடைத்து, நாள் கணக்கில்.

காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேருக்கு வரிசையாகக் கல் நட்டிருக்கிறார்கள். பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கிறது. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசைகள் இல்லை. யார், எந்தத் தோட்டம், எந்த ஊர் என்பதற்குப் பதிவே பெரும்பாலும் கிடையாது. ஒரே தண்டவாளத்தில் சரக்குப் பெட்டியில் போனவர்களின் தடம் அழிந்துவிட்டது. அதே தண்டவாளத்தில் பியானோ வைத்த பெட்டி பல ஆண்டு ஓடியது. இதற்கு ரயிலை நடத்தியவர்கள் பொறுப்பாளிகள் அல்ல. நினைவை வைத்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

நம் பெட்டிகள் எங்கே?

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. சுமார் 13 கிலோமீட்டர். அந்தப் பாதையைப் போட்டதே இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட தொழிலாளர் படைதான். அதற்குப் பிறகு போட்ட ஒவ்வொரு மைலிலும் தமிழனின் வியர்வை இருக்கிறது. தண்டவாளத்தில் கல் இடித்தவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். நிலைய அதிகாரியாக, எழுத்தராக இருந்தவர்களில் யாழ்ப்பாணத்தார் மிகப் பலர். செந்தூல் பட்டறையும் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பும் நம் குடும்பங்களின் முகவரியாகவே இருந்தன.

ரயிலில் ஏறியவர்களும் நாம்தான். 1923 அக்டோபரில் ஜொகூர் பாலத்தின் மேல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியதும் பினாங்கில் கப்பலிறங்கியவர் சிங்கப்பூர் வரை தண்டவாளத்திலேயே வர முடிந்தது. தீபாவளிக்குச் சொந்தம் பார்க்கப் போனதும், தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குச் சிறப்பு ரயிலில் போனதும், பெண் பார்க்க அடுத்த மாநிலத்துக்குப் போனதும் மூன்றாம் வகுப்புப் பெட்டியில்தான்.

நிலையக் கட்டடங்களைக் காப்பாற்ற நமக்குத் தெரிந்திருக்கிறது. 1910-இல் கட்டிய கோலாலம்பூர் நிலையம் கம்பீரமாக நிற்கிறது. 1932-இல் திறந்த தஞ்சோங் பகார் நிலையத்தை 2011-இல் சிங்கப்பூர் தேசியச் சின்னமாக அறிவித்தது. அந்த ஆண்டு ஜூன் 30 இரவு கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்களே ஓட்டிச் சென்ற காட்சியை நாம் மறக்க முடியாது. எத்தனை ஆயிரம் பேர் தண்டவாள ஓரத்தில் நின்று கையசைத்தார்கள்!

அன்றிரவு நாம் கையசைத்தது பெட்டிகளுக்கு. பாதுகாத்து வைத்தது கட்டடத்தை. மின்சார ரயில் வர வர, எஞ்சின் இழுத்த பழைய பெட்டிகள் மேற்குக் கரைப் பாதையிலிருந்து ஒவ்வொன்றாக விலகின. 2010-இல் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடத் தொடங்கிய இடிஎஸ் மின்சார ரயில், 2015-இல் பாடாங் பெசாரைத் தொட்டது, 2025 இறுதியில் ஜொகூர் பாருவையும் எட்டியது. வேகம் கூடியது, சுத்தம் கூடியது. வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் ஜன்னலைத் தூக்கி வெளியே கை நீட்டி நிலையத்தில் தேநீர் வாங்கிய அந்தப் பெட்டியின் உள்ளே நம் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டுமென்றால் எங்கே போவது? இதைப் படிப்பவர்களில் எத்தனை பேர் ஒரு பழைய மூன்றாம் வகுப்புப் பெட்டியை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்கள்?

பாங்காக் செய்து காட்டியது

"அதற்கெல்லாம் கோடிக்கணக்கில் பணம் வேண்டுமே" என்று அரங்கில் ஒருவர் எழுந்து சொன்னார். சொகுசு ரயிலாக மாற்ற வேண்டுமென்றால் வேண்டும்தான். ஆனால் வேறு வழியும் இருக்கிறது. தாய்லாந்தைப் பாருங்கள்.

ஜப்பானின் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவில் கிஹா 183 என்ற வகை டீசல் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. பனியிலும் குளிரிலும் பல ஆண்டு உழைத்து ஓய்வுபெற்றவை. அவற்றில் 17 பெட்டிகளை ஜப்பானிய ரயில்வே தாய்லாந்துக்குக் கொடுத்தது. 2021 டிசம்பரில் அவை கப்பலில் வந்து இறங்கின. "பிறர் கழித்துப் போட்டதை நாம் ஏன் வாங்க வேண்டும்?" என்று தாய்லாந்திலும் கேட்டார்கள். ரயில்வேக்காரர்கள் பாங்காக்கிலுள்ள தங்கள் மக்காசான் பட்டறையில் வைத்துச் சக்கர அளவை மாற்றினார்கள், பழுது பார்த்தார்கள், வண்ணம் பூசினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹொக்கைடோவில் இருந்த தோற்றத்தையே வைத்துக்கொண்டார்கள். ஜப்பானிய எழுத்துகளைக்கூட முழுக்க அழிக்கவில்லை. 2023 பிப்ரவரியிலிருந்து அவை வார இறுதிச் சுற்றுலா ரயிலாக ஓடத் தொடங்கின. சாதாரணக் குடும்பங்கள் காலையில் ஏறி மாலையில் திரும்பும் பயணம். பிள்ளைகள் வரிசையில் நின்று படமெடுத்துக்கொண்டார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் பெட்டியின் சொந்தக் கதையை மறைத்துப் பணக்காரருக்கு விற்றார்கள். மற்றொன்றில் பெட்டியின் சொந்தக் கதையையே கவர்ச்சியாக்கிப் பொதுமக்களை ஏற்றினார்கள். இரண்டும் பெட்டியைக் காப்பாற்றிய வழிகள்தான். ஆனால் பெட்டியோடு அதன் கதையும் சேர்ந்து பிழைத்தது இரண்டாவதில்தான். அதைச் செய்தது ஒரு சாதாரண அரசுப் பட்டறை.

சிங்கப்பூருக்கும் முறை வந்துவிட்டது

பழமை என்றால் தாத்தா காலம் என்று இளையோர் நினைக்க வேண்டாம். 1987 நவம்பர் 7 அன்று சிங்கப்பூரில் எம்ஆர்டி ஓடத் தொடங்கியபோது வந்த முதல் தலைமுறை ரயில்கள் 66. ஜப்பானில் கட்டப்பட்டவை. 2006 முதல் 2008 வரை அவற்றின் உட்புறத்தை முழுக்கப் புதுப்பித்தார்கள். இருக்கையும் கைப்பிடியும் மாறின, நிறமும் மாறியது. 2020-லிருந்து அவற்றுக்கு ஓய்வு கொடுக்கத் தொடங்கினார்கள். 2023 ஜூனிலிருந்து அவற்றின் இடத்தில் புத்தம்புதிய ரயில்கள் ஓடுகின்றன.

என் வயதுக்காரர்கள் பள்ளிக்கும் வேலைக்கும் போனது அந்தப் பழைய ரயில்களில்தான். அந்த மோட்டார் கிளம்பும்போது வரும் ஓசையைக் கண்ணை மூடிக்கொண்டே அடையாளம் சொல்வோம். இப்போது அதுவும் "அந்தக் காலத்து வண்டி" ஆகிவிட்டது. நேற்று நாம் இடம் பிடிக்க ஓடிய பெட்டி, நாளைய வரலாறு. அது வரலாறு என்று நமக்குத் தெரிவதற்குள் அது பட்டறைக்குப் போய்விடுகிறது. பிரச்சினையே இதுதான்.

பட்டறைக்குப் போகும் முன்னே

ஆகவே நான் கேட்பது மூன்றே மூன்று.

முதலாவது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஓய்வுபெறும் பயணிகள் பெட்டிகளில் ஒவ்வொரு வகையிலும் ஒன்றையாவது, மக்கள் உள்ளே ஏறிப் பார்க்கும்படி வைக்க வேண்டும். அதில் இருந்த இருக்கை, அதில் எழுதியிருந்த அறிவிப்பு, அதன் கீறல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். மெருகு போட்டு அடையாளம் தெரியாமல் ஆக்க வேண்டாம். முதல் வகுப்பை மட்டும் வைத்துவிட்டு மூன்றாம் வகுப்பைக் கழித்துவிடவும் வேண்டாம்.

இரண்டாவது, பெட்டி மட்டும் போதாது. அதில் வேலை செய்தவர்களின் குரலும் வேண்டும். செந்தூல் பட்டறையில் பெட்டிகளைப் பழுது பார்த்தவர்கள், தச்சு வேலை செய்தவர்கள், சாயம் அடித்தவர்கள், டிக்கெட் பரிசோதகர்கள் என்று பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள். எந்தப் பெட்டியின் பலகை எந்த மரம், எந்தத் திருகாணி எதற்கு என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சில்வர் ஸ்டார் பெட்டிகள் பதினோரு ஆண்டு சும்மா கிடந்தும் பிழைத்தன. மனிதர்களின் நினைவு அப்படிக் காத்திருக்காது. பெட்டிக்குப் புதுச் சக்கரம் போடலாம். போனவரிடம் கேட்க முடியாது.

மூன்றாவது, இது அரசாங்கம் மட்டும் செய்கிற காரியமல்ல. வீட்டில் பெரியவர் ரயில்வேயில் இருந்தாரா? இந்த வாரமே ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள். கைத்தொலைபேசியிலேயே பதிவு செய்யலாம். பழைய ரயில்வே பாஸ், சம்பளச் சீட்டு, சீருடைப் பொத்தான், குவார்ட்டர்ஸ் வாசலில் எடுத்த படம் எதுவானாலும் குப்பையில் போடாதீர்கள். படத்தின் பின்னால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள். சயாம் ரயிலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு நாம் பெயர் எழுதி வைக்கவில்லை. அந்தத் தவறு ஒரு முறை போதும்.

அரங்கு முடிந்த பிறகு ஒரு பெரியவர் வந்து, தம் தந்தை தாப்பா ரோடு நிலையத்தில் வேலை பார்த்தவர் என்றும், வீட்டில் அவருடைய விசில் ஒன்று இருக்கிறது என்றும் சொன்னார். "அதை யாரிடம் கொடுப்பது?" என்று கேட்டார். "இப்போதைக்கு உங்கள் பேரப்பிள்ளையிடம் கொடுங்கள், யாருடையது என்று சொல்லிக் கொடுங்கள்" என்றேன். "அவனுக்குத் தமிழ் அவ்வளவாக வராதே" என்று சிரித்தார். "ஊதிக் காட்டுங்கள் ஐயா, பிறகு அவனே கேட்பான்" என்றேன்.